அப்பா எங்கே என்று அம்மா கேட்கும்போது என்ன சொல்வது?

பொன்மலை மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 76. அல்சைமர் நோய் என்று 2022இல் உறுதிசெய்தார்கள். இப்போது நடுக்கட்டத்தில் இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். அப்பா 2021இல் காலமாகிவிட்டார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து 1997இல் ஓய்வுபெற்றவர். அவர் இருந்தவரை அம்மாவின் மறதி எங்களில் யாருக்கும் தெரியவே இல்லை. அணைக்காமல் விட்ட அடுப்பை அணைப்பது, அம்மா பாதியில் விட்ட பேச்சை எடுத்து முடிப்பது, வந்திருப்பவர் யாரென்று அம்மா திணறுவதற்கு முன்பே பெயர் சொல்லி வரவேற்பது என்று எல்லாவற்றையும் அவரே சத்தமில்லாமல் ஈடுகட்டி வந்திருக்கிறார் என்பது அவர் போன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

காரியங்கள் முடிந்ததும் அம்மாவைத் திருச்சி கே.கே. நகரில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். பகலில் பெரிய தொல்லை இல்லை. கீரை ஆய்ந்து தருவார், துணி மடிப்பார், எதிர்வீட்டுக் குழந்தையோடு பேசிக்கொண்டிருப்பார். மாலை 4 மணி தாண்டிவிட்டால் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்க ஆரம்பிக்கிறார். "சங்கு ஊதியாச்சே, அவங்க இன்னும் வரலையா?" என்பார். எங்கள் வீட்டில் பணிமனைச் சங்கு கேட்காது. அப்பாவின் எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்றை நினைவுக்காக நான் வைத்திருக்கிறேன், அது அலமாரியில் இருப்பதைப் பார்த்துவிட்டால், "சாப்பாடு எடுத்துட்டுப் போகலையா?" என்று பதறிப்போகிறார்.

முதலில் உண்மையைச் சொன்னேன். அப்பா இறந்துவிட்டார் என்று நான் சொன்ன அன்று அம்மா அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். "என்கிட்ட ஏன் யாருமே சொல்லலை? கடைசியா முகத்தைக்கூடக் காட்டலையே" என்று என்னைக் கேட்டார். அப்பாவின் தலைமாட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அரை மணி நேரத்தில் நான் சொன்னது மறந்துவிட்டது. அழுகை மட்டும் நிற்கவில்லை. எதற்காக அழுகிறோம் என்றே தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு என்னவோ பண்ணுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் மாலை மறுபடியும் அதே கேள்வி.

சென்னையில் இருக்கும் என் தம்பி, டூட்டியில் இருக்கிறார் என்று சொல்லிவிடு என்றான். சில நாட்கள் அது உதவியது. பிறகு, "ஓவர்டைமா? ராத்திரிக்கு யார் சாப்பாடு கொண்டுபோனது?" என்று கேள்விகள் நீண்டன. அவர் வந்த பிறகுதான் சாப்பிடுவேன் என்று இரவு 11 மணி வரை வாசல் நாற்காலியில் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார். பத்து நாட்களாக நள்ளிரவில் எழுந்து கதவைத் திறக்கப் பார்ப்பதும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. மாலையில் ஒரு தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன என்று தம்பி கேட்கிறான்.

இதற்கிடையில் கூடத்தில் மாட்டியிருக்கும் அப்பாவின் படத்தைப் பார்த்து, "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு யார் மாலை போட்டது?" என்று ஒருநாள் என்னை அடிக்கவே வந்துவிட்டார். பூ விற்பவர் வந்தால் ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறார், குங்குமமும் இட்டுக்கொள்கிறார். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த மாதம் அப்பாவுக்குத் திதி வருகிறது. அன்றைக்காவது உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும், கட்டிய மனைவிக்குத் தெரியாமல் திதி கொடுப்பது பாவம் என்கிறார்.

தினமும் பொய் சொல்வது சரியா? படத்தை எடுத்துவிடலாமா? திதி அன்று என்ன செய்வது? இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் சொல்ல வேண்டும். கூடவே இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அப்பா போனதிலிருந்து நான் ஒருமுறைகூட உட்கார்ந்து அழவில்லை. ஒவ்வொரு மாலையும் அவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று என் வாயாலேயே சொல்லிக்கொண்டிருக்கும்போது அழுவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

---

குடந்தை முதியவர் எழுதியது:

மகளுக்கு வணக்கம். எனக்கு 81 வயது. என் மனைவிக்கு ஒன்பது ஆண்டுகள் இந்த நோய் இருந்தது. அவள் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உன் அம்மா கணவர் எங்கே என்று உன்னைக் கேட்கிறார். என் மனைவி அதே கேள்வியை என்னிடமே கேட்டாள். "பெரியவரே, இருட்டப் போகுது, என் வீட்டுக்காரர் வர்ற நேரம், நீங்க கிளம்புங்க" என்பாள். நான்தான் உன் கணவன் என்று கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். படத்தில் இருந்த இளைஞனைத் தொட்டு, "இவர்தான்" என்றாள், என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீங்க இவருக்குப் பெரியப்பாவா?" என்று கேட்டாள். அன்று எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். போகச் சொன்னால் சரியென்று சட்டையை மாட்டிக்கொண்டு, அவளோடு என் மருமகள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, வெளியே போவேன். தெருக்கோடி வரை நடந்து இரண்டு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, அலுவலகத்தில் இருந்து வருகிறவனைப் போலச் செருப்பைச் சத்தமாகக் கழற்றிவிட்டுக் குரல் கொடுப்பேன். பாதி நாட்களில், "வந்துட்டீங்களா, ஏன் இவ்வளவு நேரம்?" என்று வருவாள். மீதி நாட்களில் மறுபடியும் "பெரியவரே" தான். இன்னொரு சுற்றுப் போய்விட்டு வருவேன். முழங்காலுக்கு நல்ல பயிற்சி.

"டூட்டியில் இருக்கிறார்" என்ற பதிலில் உள்ள கோளாறு எனக்குத் தெரிகிறது. டூட்டிக்குப் போனவர் திரும்பி வர வேண்டும். ஆகவே அந்தப் பதில் அம்மாவை வாசலில் உட்கார வைத்துவிடுகிறது. வருவார் என்று எதிர்பார்க்க வைக்கிற எந்தப் பதிலையும் சொல்லாதே. அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கணவர் சாப்பிட்டாரா என்பதுதான் முதல் கவலை. "அப்பா சாப்பிட்டாச்சும்மா, உங்களையும் நேரத்தோட சாப்பிடச் சொன்னாங்க" என்று சொல்லிப் பார். எப்போது சொன்னார் என்று நீயும் சொல்ல வேண்டியதில்லை, அவரும் கேட்க மாட்டார். உன் அப்பா இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார் என்பதால் உனக்கும் நாக்கு கூசாது.

பதில் சொல்வதைவிட அவரைப் பேசவிடுவது இன்னும் நல்லது. எங்கே என்று கேட்டதும், "அப்பாவுக்கு மத்தியானம் என்ன குழம்பு பிடிக்கும்?" என்று கேள். பணிமனை, குவார்ட்டர்ஸ், ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று எங்கேயாவது போய்விடுவார். அவர் தேடுவது ஆளைத்தான் என்றாலும், அந்த ஆளைப் பற்றிப் பேசக் கிடைத்தாலே பல நாட்களில் மனம் அடங்கிவிடும்.

மாலை நேரத்துக்குச் சில காரியங்கள் செய். விளக்கை 6 மணிக்குப் போடாதே. 4 மணிக்கே கூடத்திலும் வாசலிலும் போட்டுவிடு. வெளிச்சம் மங்கி நிழல் நீளும்போதுதான் என் மனைவிக்குப் பயம் தொடங்கும். பகலில் தூங்கினால் அரை மணி நேரத்தோடு எழுப்பிவிடு. காபியை 3 மணிக்கே கொடுத்துவிடு. அதன் பிறகு வேண்டாம். டிபன் கேரியரை ஒளித்து வைக்காதே. மாலையில் புளியும் சாம்பலும் வைத்து அதை அம்மாவிடம் தேய்க்கக் கொடு. கேரியர் வீட்டில் கழுவிக் கிடந்தால் அதைக் கொண்டுபோனவரும் வந்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

மாலையை எடுத்துவிட்டுப் படத்தை வைத்துக்கொள். முடிந்தால் அவருடைய இளவயதுப் படமாக மாட்டு. கதவுக்கு வெளிப்பூட்டு மட்டும் போட்டுவிடாதே. நான் ஒருமுறை பூட்டிவிட்டுப் பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து அவள் உள்ளங்கை கிழிந்திருந்தது. உள்தாழ்ப்பாள் ஒன்றைக் கதவின் மேல்மூலையில் வைத்து, அதன்மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டால் போதும், அங்கே கை போகாது.

---

மதுரை மருத்துவர் எழுதியது:

நான் முதியோர் மனநலத் துறையில் பணியாற்றுபவன். குடந்தைப் பெரியவர் அனுபவத்தில் கண்டதற்கு அடியில் இருக்கும் காரணத்தையும், அதைவிட அவசரமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அவசரத்தை முதலில் சொல்கிறேன்.

பத்து நாட்களாகத்தான் நள்ளிரவில் எழுந்து கதவைத் திறக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அல்சைமர் மாதக்கணக்கில் மெல்ல நகரும் நோய்; சில நாட்களுக்குள் குழப்பம் திடீரெனக் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாமல் வேறு காரணத்தைத் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் குறைவாகக் குடிப்பது, இரத்தத்தில் சோடியம் குறைவது, எங்கோ வலிப்பதைச் சொல்லத் தெரியாமல் இருப்பது ஆகியவைதான் நான் அடிக்கடி பார்ப்பவை. முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல் வெறும் குழப்பமாகவே வெளிப்படக்கூடும். சளிக்காகக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் நினைவாற்றலை மேலும் மங்கச் செய்யும். நாளையே சிறுநீர்ப் பரிசோதனையும் சோடியம் அளவும் எடுத்துவிடுங்கள். அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரையை அம்மாவுக்கு இரவில் கொடுக்கிறீர்கள் என்றால், சிலருக்கு அது தெளிவான கனவுகளை வரவழைத்துத் தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் மாற்றிக் கொடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் தம்பி சொல்லும் தூக்க மாத்திரையை நீங்களாகவே தொடங்க வேண்டாம். தூக்க மாத்திரை கொடுக்கப்பட்ட முதியவர் இரவில் கழிப்பறைக்கு எழுந்து, தள்ளாடி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து வருவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மனநோய்க்குத் தரும் வேறு சில மாத்திரைகளையும் அமைதிப்படுத்தக் கொடுப்பதுண்டு. அவற்றை மறதி நோயுள்ள முதியவர்களுக்குக் கொடுத்த 17 ஆய்வுகளை ஆராய்ந்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இறப்பு அபாயம் 1.6 முதல் 1.7 மடங்கு வரை கூடியதைக் கண்டு 2005இல் கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்னும் நிலையில், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு நாங்கள் எழுதித் தருவதுண்டு. கணவரைத் தேடுவதற்கு அது மருந்தல்ல.

இனி உங்கள் கேள்வி. புதிய நிகழ்ச்சிகளை நினைவாகப் பதிய வைப்பதில் முக்கியப் பங்கு வகிக்கும் மூளைப் பகுதியின் பெயர் ஹிப்போகேம்பஸ். அல்சைமரில் தொடக்கத்திலேயே சிதையும் இடங்களில் அதுவும் ஒன்று. அதனால் 2021இல் நடந்த மரணம் அம்மாவுக்குள் உறுதியாகப் பதியவே இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் சங்கு ஊதும் நேரத்துக்குக் காபி தயாராக இருக்க வேண்டும் என்பது பல்லாண்டுக் காலமாக மூளையின் பல பகுதிகளிலும் ஊறிப்போன பழக்கம். அது இன்னும் இருக்கிறது. நீங்கள் சொல்லும் உண்மையைப் பதிய வைக்க உள்ளே இடமில்லை, அது உண்டாக்கும் துயரத்துக்கு மட்டும் இடமிருக்கிறது. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. அல்சைமர் நோயுள்ள 17 பேருக்குச் சோகமான காட்சிகளைத் திரையிட்டார்கள். சிறிது நேரத்தில் பார்த்தது என்ன என்பது பெரும்பாலும் மறந்துபோனது. துயரம் அரை மணி நேரம் கழித்தும் நீடித்தது. அதிலும் எவருக்குக் காட்சிகள் மிகக் குறைவாக நினைவிருந்தனவோ அவருக்கே துயரம் அதிக நேரம் தங்கியது. உங்கள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு "என்னவோ பண்ணுது" என்று சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியாது.

மருத்துவ உலகமும் இந்த விஷயத்தில் உங்களைப் போலவே தடுமாறி வந்திருக்கிறது. 1960களில் அமெரிக்க மருத்துவமனைகளில் நாள், இடம், நடப்பு ஆகியவற்றைத் திரும்பத் திரும்ப நினைவூட்டித் திருத்துவதே முறையாக இருந்தது. அது பலரை மேலும் கலங்கச் செய்வதைக் கண்ட நவோமி ஃபீல் என்ற சமூகப் பணியாளர், சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உணர்வை ஏற்றுக்கொண்டு பேசும் முறையை வளர்த்தெடுத்தார். அவர் பொய் சொல்லச் சொன்னவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். "அப்பாவைத் தேடுதாம்மா? எனக்கும் தேடுது" என்பது அவருடைய வழிக்கு நெருக்கமான பதில், அதில் பொய்யும் இல்லை, மரணச் செய்தியும் இல்லை. உங்கள் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு, அந்தப் பதில் உங்களுக்கும் வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

---

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் எழுதியது:

இருவர் சொன்னதையும் மதிக்கிறேன், ஆனால் "பொய் சொல்லலாம்" என்ற முடிவு ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அது கணவர் எங்கே என்ற கேள்வியோடு நின்றுவிடாது என்பதை என் வீட்டில் பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் மாறுபட்டு எழுதுகிறேன்.

என் தந்தைக்கு ஆரம்பக் கட்டத்திலேயே நோயைக் கண்டுபிடித்தார்கள். அவர் மனம் உடைந்துவிடும் என்று பயந்து, நரம்புத் தளர்ச்சிக்கு மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துவந்தோம். தினமும் நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும் மனிதர் அவர். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய், இது எதற்கான மருந்து என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு ஐந்து மாதங்கள் எங்களில் யார் கையிலிருந்தும் மாத்திரை வாங்கிக்கொள்ளவில்லை. காபியில் கலந்திருக்கிறோமோ என்ற சந்தேகத்தில் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். தெளிவாக இருந்த அந்த மாதங்களில் தன் நிலத்தைப் பற்றியும், தான் எங்கே யாரோடு இருக்க விரும்புகிறார் என்பதைப் பற்றியும் அவர் சொல்லியிருக்கக்கூடிய எல்லாவற்றையும் நாங்கள் பறித்துக்கொண்டோம். உங்கள் அம்மா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களில் யாருக்காவது தாயோ தந்தையோ இப்போதுதான் தொடக்கத்தில் இருந்தால், அவர்களிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது பொய்தான் என்னை இன்னும் உறுத்துகிறது. நோய் முற்றிய பிறகு, சமையல் காஸ் இணைப்புக்கு என்று சொல்லி ஒரு பத்திரத்தில் என் உடன்பிறந்தவர் ஒருவர் தந்தையிடம் கையெழுத்து வாங்கினார். வழக்கு இன்னும் நடக்கிறது. மனம் அமைதியடைவதற்குச் சொல்லும் பொய்யும் கையெழுத்துக்காகச் சொல்லும் பொய்யும் அதே வாயிலிருந்து, அதே கனிவான குரலில்தான் வருகின்றன.

ஆகையால் பணவிஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், வங்கியில் கேட்டு அலுத்த கேள்விகள் இவை. பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறது, கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதை எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்துவிட்டால் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது பயன்படாது. கையெழுத்துப் போட முடியாத நோயாளிக்கு இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வைக்கும் வசதி உண்டு, அது உடல் முடியாதவருக்கான வழி. எதில் கைநாட்டு வைக்கிறோம் என்றே விளங்காதவருக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த நிலை வந்துவிட்டால் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர்நீதிமன்றத்தை அணுகிக் காப்பாளர் நியமனம் பெற வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வருகிறதென்றால் நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்வுச் சான்றிதழுக்கு அவரை வரிசையில் நிற்க வைக்காதீர்கள். முகத்தை வைத்தே பதிவு செய்யும் ஜீவன் பிரமாண் வசதி கைபேசியிலேயே இருக்கிறது, தபால்காரரும் வீட்டுக்கு வந்து செய்து தருவார்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: "அப்பா சாப்பிட்டாச்சு" என்று சொல்லுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. உங்களுக்கும் தம்பிக்கும் இடையில், அம்மாவிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்று ஓர் எல்லையை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

---

விருத்தாசலம் மருமகள் எழுதியது:

குங்குமத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சொல்கிறேன். என் மாமியாருக்கும் இதே நிலைதான். உறவினர்கள் பேச்சுக்குப் பயந்து குங்குமச் சிமிழை ஒளித்து வைத்தேன். அவர் நாள் முழுக்க நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, வெறும் நெற்றியோடு இருந்தால் அவருக்கு ஆகாதே என்று தவித்தார். ஒருநாள் மிளகாய்த் தூளை எடுத்து இட்டுக்கொண்டு கண் எரிந்து துடித்தார். அன்றே சிமிழைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். கேட்டவர்களிடம், "அவங்க கணக்குல மாமா இருக்காங்க, உங்க கணக்குல இல்லை; நெத்தி அவங்களுது" என்றேன். அதன் பிறகும் பேசினார்கள், வீட்டுக்கு வருவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். அதுவும் நன்மைக்குத்தான்.

சகோதரி, உங்களைப் பற்றியும் யோசியுங்கள். வாரத்தில் ஒரு மாலையாவது தம்பியையோ வேறு ஒருவரையோ வைத்துவிட்டு வெளியே போய் வாருங்கள். கடைக்கோ கோயிலுக்கோ போக வேண்டும் என்றில்லை. நான் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து பஸ்களைப் பார்த்துவிட்டு வருவேன்.

---

பொன்மலை மகள் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவர் ஐயா சொன்னபடியே சிறுநீரில் தொற்று இருந்தது. மருந்து கொடுத்த ஒரு வாரத்தில் நள்ளிரவில் எழுந்து கதவைத் திறப்பது நின்றுவிட்டது. தூக்க மாத்திரை பேச்சைத் தம்பியும் விட்டுவிட்டான். கையெழுத்து விஷயமாக நானும் அவனும் பேசிவிட்டோம். இரண்டு பேரும் சேர்ந்து இல்லாமல் அம்மாவிடம் எந்தத் தாளையும் நீட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அதைப் பேசும்போது இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மாலையை எடுத்துவிட்டு, காக்கிச் சட்டையோடு பணிமனை வாசலில் அப்பா நிற்கும் பழைய படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன். அம்மா அதற்குக் கீழே உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார். கேள்வி நின்றுவிடவில்லை. சில நாட்களில் "சாப்பிட்டாச்சு" என்பது எடுபடுகிறது, சில நாட்களில், "எங்கே சாப்பிட்டாங்க, யார் போட்டது?" என்று கோபம் வருகிறது. ஒருநாள் எதுவுமே எடுபடாமல் போகவே, "எனக்கும் அப்பாவைத் தேடுதும்மா" என்றேன். அம்மா நடப்பதை நிறுத்திவிட்டு என் தலையைத் தடவி, "வந்துடுவாங்க, நீ அழாதே" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே அவரும் சாப்பிட்டுவிட்டார்.

திதியை வீட்டில் வைக்கவில்லை. காலையில் தம்பி ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கொடுத்தான். வீட்டில் அம்மாவோடு என் கணவர் இருந்தார், நானும் தம்பியோடு போயிருந்தேன். அவன் முடித்துவிட்டுக் கிளம்பிய பிறகும் நான் மட்டும் காவிரிப் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே யாரும் என்னிடம் அப்பா எங்கே என்று கேட்கவில்லை. அங்கே அழுவது யாருக்கும் புதிதாகவும் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அத்தை வந்தார். இன்று சொல்லிவிடப் போகிறேன் என்று வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். பூவும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்த அம்மா அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "உங்க அண்ணன் இன்னும் சாப்பிட வரலை, நீயாவது போய்க் கூப்பிடேன்" என்றார். அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு இலையை அம்மாவின் முன்னால் நகர்த்தி வைத்து, "அண்ணன் சாப்பிட்டாச்சு அண்ணி, நீங்க சாப்பிடுங்க" என்றார். அவருக்கு அந்தப் பதிலை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போனார். அம்மா எழுந்து போய் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.